ரத்தம் எங்கே போகிறது?

அன்புள்ள தங்கைக்கு,

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டாய். 'குனிஞ்சா தலை சுத்துது, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது டாக்டரம்மா' என்று தினமும் ஒரு பெண்ணாவது வருவாள். ஹீமோகுளோபின் 8 இருக்கும். சத்து மாத்திரை எழுதுவோம். இரண்டு மாதம் கழித்தும் அதே 8 என்றால், 'ஒழுங்காப் போட்டியா இல்லையா?' என்று அதட்டுவது நம் வழக்கம். அதட்டுமுன் அவள் எங்கே ஒதுங்கப் போகிறாள், காலில் செருப்பு உண்டா என்று கேள்.

கருவேலம் புதரோரத்து ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழு காத்திருக்கும். வெறுங்காலைத் துளைத்து நுழையும். நுழைந்த இடத்து அரிப்பைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவது எளிது. இளம்புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் கவ்விக்கொள்ளும். நம் பக்கம் அதிகம் காணும் நெக்கேட்டர் வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்குப் போவது சுமார் 0.03 மி.லி. ரத்தம். அற்பம்தான். ஆனால் 100 புழு இருந்தால் மாதம் 90 மி.லி.! சராசரி மாதவிடாயில் போவதே 30, 40தான். இதற்கு மேல் இரண்டு பிள்ளைப்பேற்றையும் சேர்த்துக்கொள்.

சோகையோடு வரும் ஆசையில் பச்சரிசி, மண், திருநீறு தின்கிறாளா என்றும் கேள். மாமியார் எதிரில் சொல்லமாட்டாள். தனியே கேட்க வேண்டும்.

புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே வேளை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 19 வயதுவரை முகாமில் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்தது நல்ல காரியம். 38 வயதில் களையெடுக்கப் போகிறவளை எந்த முகாமும் தேடுவதில்லை. அவள் உன் பொறுப்பு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் இந்த மாத்திரை கூடாது. அதனால் 'நாள் தள்ளியிருக்கா?' என்று கேட்காமல் கையில் வைக்காதே. தள்ளிய பிறகு வந்தால், ரத்தம் அதிகம் தேவைப்படப் போகிறவளை நான்காம் மாதம்வரை காக்க வைக்க நேரும். புதிதாகக் கல்யாணமானவள் தலைவலிக்கு வந்தால்கூட இமையை இழுத்துச் சோகை உண்டா என்று பார்த்துவிடு. என் கணக்கில், பேறுகால வார்டில் ரத்தம் ஏற்றுவதைவிட இதுதான் பெரிய வைத்தியம்.

அதற்காக எல்லாச் சோகையையும் புழுவின் தலையில் கட்டாதே. பெரும்பாடு உண்டா, மூலம் உண்டா என்று பார். புழு போனாலும் இழந்த ரத்தம் தானே ஊறாது. சத்து மாத்திரை தொடர வேண்டும். கழிப்பறை இல்லாத வீட்டில் சில மாதங்களிலேயே புழு திரும்பவும் தொற்றும். அதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவை, அந்த வீட்டு வாசல் அவருக்குத்தான் தெரியும்.

மலப் பரிசோதனைக்கு அன்றைய மாதிரியே வேண்டும். வைத்திருந்து மறுநாள் பார்த்தால் முட்டை பொரிந்திருக்கும். முகம் சுளிக்காமல் அதைப் பார்த்துத் தரும் லேப் டெக்னீஷியன் உனக்கு வாய்த்திருந்தால், மாற்றல் வாங்கிப் போக மட்டும் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் சீனியர் அக்கா