இறக்கத்துக்கு ஏற்ற ஹேண்டில்: இறம்பொடை வீதியில் கை வலிக்காமல் பைக் ஓட்ட

புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் தவலந்தன்னை சந்தியைத் தாண்டினால் இறம்பொடை. 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சி, சுரங்கப்பாதை, அதற்கு மேலே லபுக்கலை வரை தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் கொண்டையூசி வளைவுகள். ஏறும்போது உடம்பு பின்னால் சாய்வதால் கைக்குப் பெரிதாக வேலை இல்லை. இறங்கும்போதுதான் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்குகிறது. அதே கைதான் பிரேக்கையும் கிளச்சையும் விடாமல் பிடிக்கவும் வேண்டும். பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கராஜின் சமதரையில் நிற்கும் பைக்கில் உட்கார்ந்து பார்த்து ஹேண்டிலைச் சரிசெய்தால் மலைநாட்டுக்கு அது பாதி வேலைதான். இறக்கத்தை மனதில் வைத்துச் செய்ய வேண்டும். இதற்குப் பெரும்பாலும் புதிய சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை. ஸ்பேனர் செட், எலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் மார்க்கர், பழைய துணி போதும்.

1. பழைய நிலையைக் குறியுங்கள்

ஹேண்டிலிலும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் மார்க்கரால் ஒரே நேர்கோடு போடுங்கள். பிரேக், கிளச் லீவர்களின் பிடிக்கும் அப்படியே. புதிய நிலை பிடிக்காவிட்டால் பழையபடி திரும்பி வர இந்தக் கோடுதான் வழி. கழன்ற ஹேண்டில் விழுந்து டேங்க்கில் பள்ளம் விழாமல் இருக்க, அதன் மேல் துணியை மடித்துப் போட்டுவிடுங்கள்.

2. ஹேண்டிலைத் திருப்புங்கள்

கிளாம்பின் போல்ட்களைக் கழற்றாமல், ஹேண்டில் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கைகளை வையுங்கள். முழங்கை சற்று மடிந்தும் தோள் தளர்ந்தும் இருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் ஹேண்டிலைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்புங்கள். சில மில்லிமீற்றர் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். அதிகம் திருப்பினால் பிடியின் நுனி கீழ்நோக்கிச் சாய்ந்து மணிக்கட்டை முறுக்கும்.

இறுக்கும்போது போல்ட்களை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சில கிளாம்புகளில் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியோ புள்ளியோ இருக்கும். அப்படியிருந்தால் முன் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கிவிட்டுப் பின் போல்ட்டுக்கு வர வேண்டும். பின்னால் தெரியும் சிறு இடைவெளி இயல்பானது. அதை மூடப் பார்த்து முறுக்கினால் போல்ட் உடையும்.

3. லீவர்களின் சாய்வு

இதுதான் முக்கியமான வேலை. சீட்டில் உட்கார்ந்து விரல்களை நீட்டுங்கள். முன்கை, புறங்கை, விரல் மூன்றும் ஒரே கோட்டில் போய் லீவர் மேல் படிய வேண்டும். லீவர் தூக்கி நின்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் மணிக்கட்டு பின்னால் மடியும். இறம்பொடையிலிருந்து கீழே இறங்கி முடிவதற்குள் கை மரத்துப்போகும். அதற்காக மிகவும் தாழ்த்தவும் கூடாது. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரியும்போது பிடி வழுக்கும்.

கை சிறியவர்கள் லீவரின் பிடியைத் தளர்த்தி, சற்று உள்பக்கம் நகர்த்தலாம். விரல் லீவரின் நுனிப் பக்கம் விழுவதால் இழுக்கும் பலம் குறைவாகவே வேண்டும். சுவிட்ச் பெட்டி திரும்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். பல பைக்குகளில் அதன் உள்ளே இருக்கும் சிறு முளை ஹேண்டிலில் உள்ள துளைக்குள் பொருந்தியிருக்கும். டிஸ்க் பிரேக் என்றால், ஹேண்டில் நேராக நிற்கும்போது எண்ணெய்க் கிண்ணத்தின் மூடி ஏறக்குறைய மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கேபிள்களின் விளையாட்டு

சிறிய பைக்குகளில் கிளச் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசைந்த பிறகே கிளச் விடுபடத் தொடங்க வேண்டும். எக்ஸிலேட்டருக்கு 2 முதல் 6 மில்லிமீற்றர். உங்கள் பைக்கின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிளச் கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தால், எந்தக் கோணத்தில் வைத்தாலும் லீவர் கனக்கும். எண்ணெய் விட்டும் இளகாவிட்டால் கேபிளை மாற்றிவிடுங்கள்.

5. கட்டாயச் சோதனை

பைக்கை நடுஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் எக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கொண்டையூசி வளைவில் பைக் தானாகப் பாய இது ஒன்றே போதும். பிரேக் ஹோஸ் இறுகுகிறதா, டேங்க்குக்கும் பிடிக்கும் நடுவில் விரல் நசுங்குகிறதா என்பதையும் பாருங்கள். சரியாகும்வரை வீதிக்கு எடுக்க வேண்டாம்.

6. கைப்பிடி ரப்பர்

மழையும் மூடுபனியும் வழக்கமான இந்தப் பக்கத்தில் தேய்ந்த ரப்பர் வழுக்கும். புதியது போடச் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் தடவினால் ரப்பர் கையோடு சுற்றும். காய்ந்த பிறகே ஓட்டுங்கள். ரொம்பத் தடித்த ரப்பர் கையை விரைவில் களைக்கச் செய்யும்.

7. காலையும் கவனியுங்கள்

சேற்றுக்குப் பூட்ஸ் போடுபவர்களுக்குக் கியர் லீவர் தாழ்ந்திருந்தால் கால் நுழையாது. அதைக் கழற்றி, தண்டின் ஒரு பல் மேலே மாட்டலாம். பின் டிரம் பிரேக் பெடலுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை விளையாட்டு இருக்கட்டும். பெடலை மாற்றினால் பின்னால் சிவப்பு லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள். மூடுபனியில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அந்த லைட்தான் தெரியும்.

8. ஓட்டிப் பாருங்கள்

முதலில் சமதரையில், பிறகு சிறிய இறக்கத்தில். செகண்ட் கியரில் எஞ்சின் பிடித்து இறங்கட்டும். முழங்கால்களால் டேங்க்கை அணைத்துக்கொண்டால் மணிக்கட்டின் பாரம் குறையும். திரும்பி வந்ததும் எல்லா போல்ட்களையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மட்டும் உயரமான ஹேண்டில் வாங்க யோசியுங்கள். பெரும்பாலான சிறிய பைக்குகளில் பிடி மாட்டும் இடத்தின் தடிமன் 22 மில்லிமீற்றர். கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதி சிலவற்றில் அதைவிடத் தடிப்பம், ஆகவே இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். உயரம் கூடினால் கேபிளும் பிரேக் ஹோஸும் நீளமானதாக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஹோஸ் மாற்றுவதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. காசு கொடுப்பதற்கு முன், ஐந்தாவது சோதனையை உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.