அட்டிற்சாலையும் பாடசாலையும்

‘அடு’ என்பது சமைத்தலைக் குறிக்கும் வினைப்பகுதி. அடுப்பு, அட்டில், அடிசில், அடுகலம் என்னுஞ் சொற்கள் அதன்வழி வந்தன. இதனைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறின் ஐந்து நிமிடத்திற் பாடம் முடியும், மறுநாள் மறக்கவும்படும். பிள்ளைகள் தாமே அட்டிலிற் புகுந்து, பிறர் உண்ணும்பொருட்டு ஓர் அடிசிலை ஆக்குவராயின், அச்சொற்களோடு கணக்கும் விஞ்ஞானமும் பூமிசாத்திரமும் சரித்திரமும் ஒருங்கே அவர்களை வந்தடையும். இதனை நம் சைவப் பாடசாலைகளில் நடத்துமாறு யாதென ஈண்டு ஆராய்வாம்.

இது புதுக் கொள்கையன்று. 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வார்தாவிற் காந்தியடிகள் தலைமையிற் கூடிய கல்வி மகாநாட்டின் பயனாக ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. கைத்தொழில் வாயிலாகவே ஏனைப் பாடங்களையுங் கற்பித்தல் அதன் கருத்து. அதனை நடத்துதற்கெழுந்த தாலிமி சங்கத்தின் செயலாளராயிருந்து சேவாக்கிராமத்திற் பல்லாண்டு உழைத்தவர் ஆரியநாயகம் என்பவர். யாழ்ப்பாணத்துத் தமிழர், கிறித்தவர். அவர் மனைவியார் ஆசாதேவியும் உடனிருந்து பணிசெய்தார். மிஷன் பாடசாலையிற் கற்ற என்போல்வார்க்கு இச்செய்தி தனியொரு மகிழ்ச்சி தருவது. சேவாக்கிராமத்திலே நூல் நூற்றல், பயிர்செய்தல் என்பவற்றோடு சமையலுந் துப்புரவும் பாடத்தின் பாகங்களாயின. மாணாக்கர் முறைவைத்துச் சமைத்தனர். செலவுக் கணக்கும், உணவிலடங்கிய சத்தின் கணக்கும் அவர்களே எழுதினர்.

நிற்க. சமையல் செய்வித்தல் வேறு. பிறர்க்குச் சமைப்பித்தல் வேறு. தமக்கென்று சமைக்கும் பிள்ளை உப்புக் குறைந்தாற் சிரித்துக்கொண்டு உண்டுவிடும். முதியோர் இல்லத்தார் அறுபதின்மர் இலை முன்னமர்ந்திருக்க, ஐம்பதின்மர்க்கே போதுமென்று கண்டபொழுது அப்பிள்ளையின் முகம் மாறுவதைப் பாருங்கள். கொப்பியிலே பிழைத்த கணக்குக்குச் சிவப்பு மைக்கோடு தண்டனை. இங்கே பிழைத்த கணக்குக்குப் பத்து இலைகள் வெறுமையாய்க் கிடக்கும்.

ஆறாம் வகுப்பிற்கு எளிய தொடக்கம் வெள்ளிக்கிழமைப் பூசைக்குரிய கடலையே. ஒருவர்க்கு 25 கிராம் உலர்ந்த கடலை என வைப்பின் 60 பேர்க்கு 1,500 கிராம். முந்திய நாளிரவு ஊறவைத்து மறுநாட் காலையில் நிறுக்கச் சொல்லுங்கள். நிறை ஏறக்குறைய இருமடங்காயிருக்கும். ‘மிகுந்த நிறை எங்கிருந்து வந்தது?’ என்னும் வினாவை ஆசிரியர் கேட்கவேண்டுவதில்லை, பிள்ளைகளே கேட்பர். வீட்டிலே அம்மா சுண்டாலும் கொத்தாலும் அளப்பதைக் கண்ட பிள்ளைக்கு, ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்டு கடலையும் ஒரே நிறையினவோ என்று நிறுத்தறிதல் நல்ல பயிற்சி. கொள்ளளவும் நிறையும் வேறென்பது அன்றே தெளியும்.

விஞ்ஞான பாடம் அடுப்பிலே காத்திருக்கின்றது. பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து வார்த்தாற் பருப்பு மசியாது. புளிப்பு அதன் மென்மையுறுதலைத் தடுக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரிற் கடலை வேகத் தாமதமாகும். அந்நீரிற் கரைந்துள்ள சுண்ணமே காரணம். கொழும்பிலே அவ்விடரில்லை. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம் பிள்ளைகள் குழாயைத் திருகுகின்றனர். களனி கங்கையும் லபுகம நீர்த்தேக்கமும் தம் நகருக்கு நீரளிப்பதை அறியார். இலங்கைப் படத்தை அடுப்பங்கரைச் சுவரிலே தூக்கிவிடுங்கள்.

மைசூர்ப் பருப்பென்று நாம் வாங்குவது பெரும்பாலும் மைசூரிலிருந்து வருவதன்று. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. மிளகாயோ அமெரிக்காக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் காலத்தில் நம் நாடுகளிற் பரவிற்று. அதற்குமுன் நம்மவர் காரத்திற்குக் கொண்டது மிளகு. மிளகுபோற் காரமுடைய காயாதலின் மிளகாய் எனப் பெயர் பெற்றது. ஒரு குழம்பிலே சொல்லாராய்ச்சியும் உலக சரித்திரமும் இவ்வளவுண்டு.

இலக்கியத்திற்கு இளையான்குடி மாறநாயனார் சரித்திரத்தினுஞ் சிறந்தது வேண்டா. மழை பெய்த நள்ளிரவில், பகலில் விதைத்த நெல்லை வாரி வந்து, வீட்டுக் கூரைக் கழியை வெட்டி விறகாக்கி, பசித்து வந்த அடியார்க்கு அமுதாக்கினார். நெல்லை அம்மையார் எவ்வாறு பயன்படுத்தினார், ஈரநெல்லை வறுத்ததேன் என்று, அரிசி களைந்துகொண்டிருக்கும் மாணாக்கரை வினவுங்கள். மனப்பாடஞ் செய்தவன் விழிப்பான். உலை வைத்தவன் விடை சொல்வான்.

இனி, பலர் பேச விரும்பாத ஒன்றைச் சொல்லவேண்டும். சமைப்பவர் யார்? 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தில் அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டுமென விதித்தபொழுது எதிர்ப்பு மூண்டு, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரே வாங்கிலிருத்தற்கே இத்துணைக் கலகமாயின், ஒரே பானையைத் துழாவுதற்கு எத்துணை என்று எண்ணுக. இன்று எவரும் வாய்விட்டுச் சொல்லார். ஆயினும், ‘இந்தப் பிள்ளை விறகு சுமக்கட்டும், அந்தப் பிள்ளை பரிமாறட்டும்’ என்று ஒழுங்கு செய்யும் கண்களிலே பழைய கணக்கு இன்னும் உண்டு. கோயின் மடைப்பள்ளிக்குரிய ஆசாரம் வேறு. பாடசாலை அடுப்பு வேறு. ஆதலின் முறைப் பட்டியலைச் சீட்டுக் குலுக்கி எழுதுக. ஆண்பிள்ளைகட்கு விலக்கில்லை. பாத்திரங் கழுவுதல் ஒரு முறையேனும் ஒவ்வொருவர்க்கும் வருதல் வேண்டும், ஆசிரியர் உட்பட.

சிறு பிள்ளைகள் அடுப்பண்டை நிற்றலாகாது. அவர்கட்கு எண்ணுதலும் நிறுத்தலும் கீரை ஆய்தலும் போதும். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி கொழும்பு வெப்பத்தில் விரைவிற் கெடும். சோற்றையும் நெடுநேரம் வெளியில் வைத்துப் பின் சூடாக்கிக் கொடுத்தல் கூடாது. ஆறிய சோற்றிற் பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மீண்டுஞ் சூடாக்கினும் அழியாது. முதற்றரம் கடலையோடு நிறுத்துக. சோறும் கறியும் நாவலர் குருபூசையாகிய கார்த்திகை மகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.