தமனிச் சுவரை அளக்கும் ஒலி: எவ்வளவு நம்பலாம்?

பத்தாம் வகுப்பு மாணவி

இதயத்திலிருந்து இரத்தத்தை உடலெங்கும் கொண்டு செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் விரலை வைத்தால் துடிப்பது, மூளைக்கு இரத்தம் அனுப்பும் கழுத்துத் தமனியாகும். வயது ஏற ஏற இதன் சுவர் தடிக்கிறது. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல் ஆகியவை அத்தடிப்பை விரைவுபடுத்துகின்றன. ஆகவே, இச்சுவரை அளந்தால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தை முன்னரே அறியலாம் என்று மருத்துவர்கள் எண்ணினர். உயிருள்ள மனிதரின் தமனியை வெட்டிப் பார்க்க இயலுமா? இங்கேதான் மீயொலி துணைக்கு வருகிறது.

நம் செவிக்குக் கேட்கும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய ஒலியே மீயொலி. வௌவால் இருளில் காதின் துணையால் வழியறிகிறது என்று 1790-களில் சோதித்துக் காட்டியவர்களுள் ஒருவர், இத்தாலியக் கத்தோலிக்கக் குருவான ஸ்பல்லன்சானி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதை 1880-இல் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். அப்பண்பைக் கொண்டே ஸ்கேன் கருவி ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறுகிறது.

உடலின் மென்திசுக்களில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். தமனியின் உள்விளிம்பிலிருந்து ஓர் எதிரொலியும், நடுப்படலத்தின் வெளி எல்லையிலிருந்து மற்றோர் எதிரொலியும் திரும்புகின்றன. சுவர் 0.7 மி.மீ. தடிமன் எனில், இரண்டுக்கும் உள்ள கால இடைவெளி ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு! அதைக் கருவி தூரமாக மாற்றித் திரையில் இரு கோடுகளாகக் காட்டுகிறது. 1986-இல் இத்தாலியின் பிக்னோலி குழுவினர், மனிதத் தமனித் துண்டுகளை மீயொலியாலும் நேரடியாகவும் அளந்து ஒப்பிட்டனர். இரு அளவுகளும் நன்கு ஒத்திருந்தன.

அப்படியானால் ஐயம் எதற்கு? நம் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. அதைக்கொண்டு தலைமுடியின் தடிமனை அளக்க முடியாது. கழுத்துத் தமனியின் சுவரோ ஓர் ஆண்டில் சுமார் 0.01 மி.மீ. அளவே தடிக்கிறது. 10 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளமே ஏறத்தாழ 0.15 மி.மீ. மேலும், கருவியைச் சாய்த்துப் பிடித்தாலும், அளக்கும் இடம் மாறினாலும், இதயம் சுருங்கித் தமனி விரியும் நேரத்தில் அளந்தாலும் விடை மாறும். எனவேதான், கருவிக்கு அப்பாலுள்ள சுவரில், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பல புள்ளிகளை அளந்து சராசரி காண்கின்றனர்.

சராசரியின் வலிமைக்கு நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் சராசரித் தடிமன் 0.95 மி.மீ.; நோயற்றோருக்கு 0.74 மி.மீ. பலரை அளக்கும்போது தனித்தனிப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் தனி ஒருவரின் நிலை வேறு. திருவாதவூரிலிருந்து மதுரைக்குச் சென்று ஸ்கேன் எடுத்த ஒரு பெரியவருக்குச் சென்ற ஆண்டு 0.8, இவ்வாண்டு வேறொரு கருவியில் 0.9 என்று வந்தால், நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் கலங்கலாமா? 0.7 என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? இரண்டும் தவறு. அந்த 0.1 அளவையின் பிழையாகவே இருக்கலாம். 36,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், தடிமனுக்கும் பின்வரும் நோய்க்கும் தொடர்பு காணப்பட்டது; ஆனால் இரு ஸ்கேன்களுக்கு இடைப்பட்ட மாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. 2013-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள், அபாயத்தைக் கணிக்க இவ்வளவை எல்லோருக்கும் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தின.

ஆகவே பெற்றோரே, தோழியரே! மீயொலி பொய் சொல்வதில்லை. அதனால் சொல்ல முடியாததை நாம் கேட்கக் கூடாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எளிதில் அளக்கக் கூடியவை. புகையிலையை விடுவதற்கோ கருவியே தேவையில்லை. இறைவன் தந்த உடலைப் பேணுவது நம் கடமை. ஓர் எண்ணைக் கண்டு அஞ்சும் முன்பும் மகிழும் முன்பும், அது எப்படி அளக்கப்பட்டது என்று மருத்துவரிடம் கேட்டறிவோமாக!