மருந்தும் இருதயமும்
விலங்காய்வுகள் உணர்த்தும் ஒரு பாடம்

கல்லடிப் பாலத்தின் அருகே, நிலவுக்காலத்து இரவுகளில், துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்தி வாவியின் இசையைக் கேட்கும் வழக்கத்தை நம்மவர் அறிவர். அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு கணம் செவிசாய்த்துவிட்டு, ‘ஓசை யாதுமில்லை’ என்று கரையேறுபவன் ஏமாந்து போவான். இருதயத்தை ஆராய்பவருக்கும் இப்பொறுமை இன்றியமையாதது என்பதையே இக்கட்டுரையில் நாம் கூறப் புகுகின்றோம்.

சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்லுதல் கூடும் எனத் துணிந்து, கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்தவர் அவர். அத்துணிவைத் துணையாகக் கொண்டு நாமும் இப்பொருளைத் தமிழில் விளக்க முயல்கின்றோம்.

விலங்கியல் பயின்ற பழைய மாணவர் பலர், உடலினின்றும் பிரிக்கப்பட்ட தவளையின் இருதயம் உப்புநீரில் துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்திருப்பர். இலண்டனில் சிட்னி றிங்கர் என்னும் வைத்தியர் 1880களில் இத்தகைய இருதயங்களை ஆராய்ந்தார். குழாய்நீரிற் கரைத்த உப்புக்கரைசலில் நன்கு துடித்த இருதயம், காய்ச்சி வடித்த நீரிற் செய்த கரைசலிற் சோர்ந்தது. குழாய்நீரில் இருந்த கல்சியமே துடிப்பைக் காத்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மிகச் சிறிய இரசாயன வேறுபாடும் இருதயத்தின் தொழிலை மாற்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, புற்றுநோய் மருந்துகளுக்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக்குழுவிலிருந்து வந்த அமினொப்தெரின் என்னும் மருந்தைக் கொண்டு, சிட்னி பார்பர் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைச் சிறிது காலம் தணித்துக் காட்டிய செய்தி 1948இல் வெளியாயிற்று. இத்தகைய மருந்துகளுட் பல விரைந்து பிரியும் கலங்களைத் தாக்குவன. ஆதலாற் புற்றுக்கலங்களோடு மயிர்வேர், என்புமச்சை, குடலின் உட்படை ஆகியனவும் கேடுறுகின்றன. வளர்ந்தவரின் இருதயத் தசைக்கலங்களோ பிரிவது அரிது. அவ்வாறாயின் இருதயம் தப்பவேண்டும் அன்றோ? தப்பவில்லை. அது ஏன் என்பதே வினா.

இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு டொக்சோரூபிசின். இத்தாலியில் ஒரு பழைய கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து டோனோரூபிசின் என்னும் செந்நிறப் பொருள் பெறப்பட்டது. அந்நுண்ணுயிரை மாற்றியமைத்ததன் பயனாக 1960களின் பிற்பகுதியில் டொக்சோரூபிசின் கிடைத்தது. அதிரியாற்றிக் கடலை நினைந்து அதற்கு அதிரியமைசின் என்றும் பெயரிட்டனர். செம்பரத்தம்பூவின் நிறத்தையொத்த இம்மருந்து இன்றும் பல புற்றுநோய்களுக்கு வழங்கப்படுகின்றது.

விலங்குகளில் இம்மருந்தின் உடனடி விளைவுகள் யாவை? நாய்க்கு நாளவழியாக விரைந்து செலுத்தினால், உடலில் இசுத்தமின் வெளிப்பட்டுக் குருதியமுக்கம் தாழ்கின்றது. துடிப்பின் ஒழுங்கு குலைதலும் உண்டு. எலிக்கு ஒரே முறையிற் பேரளவு கொடுத்தால், சில நாட்களுள் இதய மின்வரைபில் மாறுதல் தோன்றுகின்றது; இடது இதயவறை குருதியைத் தள்ளும் வன்மையும் குறைகின்றது. தசைக்கலங்கள் சிதையும்போது துரோபனின் என்னும் புரதம் குருதியிற் கசிகின்றது. மனிதரிலும் முதல் நாட்களில் மின்வரைபு மாறுதல் காணப்படுவதுண்டு. அது பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும்.

இவ்விடத்து மாணவர் ஓர் எச்சரிக்கையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மருந்தின் அளவை உடல் நிறையை மட்டும் கொண்டு ஒப்பிடுதல் பிழையாகும். உடற்பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 60 மில்லிகிராம் என்பது மனிதனில் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1.6 மில்லிகிராம், எலியிலோ ஏறத்தாழ 10 மில்லிகிராம். இதனை மறந்து எலியின் முடிவை அவ்வாறே மனிதனுக்கு ஏற்றுபவர் பிழையான முடிவுக்கு வருவர். மனிதனின் அளவை எலிக்கு இறக்குபவர் வீணே ஆறுதலடைவர்.

இனி, நம் கட்டுரையின் உயிர்நிலை. உடனடி விளைவு நீங்கிவிட்டமையால் தீங்கும் நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா? முயல்களுக்குச் சிறு அளவாக வாரந்தோறும் பல வாரங்கள் இம்மருந்தைக் கொடுத்தபோது, தொடக்கத்தில் நலமாகத் தோன்றியவற்றிற் பல பின்னர் இருதயத் தளர்ச்சியுற்றன. ஒவ்வொரு முறையும் ஏற்பட்ட சிறு சேதம் சேர்ந்து சேர்ந்து பெருகியது. மனிதரிலும் அவ்வாறே. வாழ்நாளிற் பெற்ற மொத்த அளவு சதுர மீற்றருக்கு 400 மில்லிகிராமைக் கடந்து செல்லுந்தோறும் இடர் விரைந்து உயர்கின்றது. சிலரிற் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளின் பின்னரே தளர்ச்சி வெளிப்படுகின்றது.

காரணம் யாது? மருந்து இரும்போடு கூடிச் சுயாதீன மூலிகங்களைத் தோற்றுவித்து, இழைமணிகள் நிறைந்த இருதயத் தசையைச் சிதைக்கின்றது என்று நெடுங்காலம் கருதினர். 2012இல் வெளியான ஆய்வொன்று மற்றொரு வாயிலைக் காட்டியது. தோப்போஐசோமரேசு இரண்டு பீற்றா என்னும் நொதியத்தை இருதயக் கலங்களினின்றும் நீக்கிய சுண்டெலிகள் இத்தீங்கினின்றும் பெரிதும் காக்கப்பட்டன. பிரியாத கலத்திலும் இந்நொதியம் உண்டு. முன்னர் எழுப்பிய வினாவிற்கு விடை இங்கே கிட்டுகின்றது.

இவ்வறிவு வீண்போகவில்லை. நாய், முயல் முதலியவற்றிற் சோதிக்கப்பட்ட டெக்சுராசொக்சேன் என்னும் காப்பு மருந்து 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோயுற்ற நாய்களும் இன்று டொக்சோரூபிசின் பெறுகின்றன. அவற்றிற்கும் மொத்த அளவுக்கு வரம்பு விதித்து, இருதயத்தைக் கவனித்து வருகின்றனர். தம் விருப்பமின்றி உயிரீந்த விலங்குகளுக்கு மனிதகுலம் பட்ட கடன் சிறிதன்று. கொல்லாமையை அறமெனப் போற்றும் நாம், தேவையற்ற ஆய்வைத் தவிர்த்தலும், செய்த ஆய்வின் பயனை வீணாக்காது பேணலும் கடமையென உணர்தல் வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து மகரகமைக்குச் சென்று சிகிச்சை பெற்று மீண்டோர் நம் குடும்பங்களில் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: இருதயத்திற்கு அஞ்சி, உயிர்காக்கும் மருந்தை மறுத்தல் வேண்டா. ஆனால், பெற்ற மருந்தின் பெயரும் மொத்த அளவும் எழுதப்பட்ட பத்திரத்தைப் பேணுக. வைத்தியர் குறித்த காலத்தில் இருதயப் பரிசோதனைக்குச் செல்க. மூச்சிரைப்போ கால்வீக்கமோ தோன்றின், ‘பழைய மருந்து என்றோ முடிந்தது’ என்று ஒதுக்காது, அதனை வைத்தியருக்கு முதலிற் சொல்லுக.

துடுப்பிற் செவிவைத்தவன் ஒரு கணத்தில் எழுந்துவிடுவதில்லை. நாமும் இருதயத்தை நெடிது கேட்போமாக.