நகரசபையும் நகரமக்களின் நல்லுணவும்

உணவு விளைவது வயலிலும் தோட்டத்திலும். அதனை விலைகொடுத்து வாங்கி உண்போர் நிறைந்திருப்பது நகரத்தில். கமக்காரன் எவ்வளவு பாடுபட்டு விளைவித்தாலும், விளைந்த பொருள் வாடாமலும் அழுகாமலும், தாங்கக்கூடிய விலையில் நகரத்து ஏழையின் அடுப்பங்கரையை அடையாவிடின், அப்பாட்டின் பயன் பாதியே. தோட்டத்திற்கும் அடுப்பிற்கும் இடையிலுள்ள பாதையிற் பெரும்பகுதி உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றது. ஆகவே இத்துண்டுப்பிரசுரம் மாநகரசபை, நகரசபை, பிரதேச சபை ஆகியவற்றின் உறுப்பினர்க்கும், அவர்களைத் தெரிவுசெய்யும் மக்களுக்கும், சந்தைக்குப் பொருள் கொண்டுவரும் கமக்காரர்க்கும் உரியது.

1. குறை எங்கே உள்ளது?

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாப்பொருட் கிழங்குகள் இக்கணக்கிற் சேரா. எமது நாட்டில் வளர்ந்தோருட் பெரும்பாலானோர் இவ்வளவை எட்டுவதில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகுவதற்கும், தாய்மாரிடத்தும் பிள்ளைகளிடத்தும் இரத்தச்சோகை காணப்படுவதற்கும் உணவிலுள்ள இக்குறை ஒரு முக்கிய காரணமாகும்.

நகரத்தவர்க்கு இக்குறை மேலும் கொடியது. கிராமத்தவர் வேலியிலிருந்து முருங்கையிலையோ, கிணற்றடியிலிருந்து பொன்னாங்காணியோ பறித்துக் கறி ஆக்கலாம். நகரத்துச் சிறுவீட்டில் வாழ்வோர்க்கு ஒருபிடி கீரையும் காசுக்கே கிடைக்கும். 2022ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டிலும் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. இவ்வாறு விலை ஏறும்போது குடும்பத்தலைவி முதலிற் குறைப்பது அரிசியை அன்று; மரக்கறி, பழம், மீன், முட்டை, பால் என்பவற்றையே. வயிறு நிரம்பியதுபோலத் தோன்றும், உடல் நலியும்.

மரக்கறியின் நன்மையை எடுத்துரைத்தாற் போதும், மக்கள் உண்பர் எனச் சிலர் எண்ணுவர். ஏழைத்தாய் ஒருத்தி தன் பிள்ளைக்குக் கீரை கொடாதிருப்பது அதன் நன்மையை அறியாமையாலன்று. வேலை முடிந்து அவள் வரும் வேளையிற் சந்தை மூடியிருக்கும். திறந்திருக்கும் கடையிற் கீரை வாடியிருக்கும். வாடாத கீரைக்கு விலை அதிகம். அறிவுரையால் இதனைத் தீர்த்தல் இயலாது. நேரம், இடம், விலை ஆகிய மூன்றையும் சீர்செய்தலாலேயே தீர்க்கலாம்.

2. சபைக்குள்ள அதிகாரம்

புதிய சட்டம் வேண்டியதில்லை. 1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் பொதுச் சந்தைகளை அமைத்து நடத்தும் பொறுப்பையும், அவற்றிற்கெனத் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தையும் சபைகட்கு வழங்கியுள்ளன. சந்தை, சபைக்குரிய வெற்றுக்காணி, நாள்தோறும் சேரும் குப்பை, உணவுக்கடைகள் மீதுள்ள மேற்பார்வை ஆகிய நான்கும் சபையின் கையில் உள்ளன. இவற்றுள் முதன்மையானது சந்தை.

3. சந்தையைச் சீர்செய்தல்

பல சபைகள் சந்தையை ஆண்டுதோறும் குத்தகைக்குக் கொடுத்து, வரும் பணத்தை வருமானக் கணக்கிற் பதிவதுடன் நின்றுவிடுகின்றன. கூடிய தொகைக்குக் கேட்டவர் அத்தொகையை விற்போரிடமே அறவிடுவார். விற்போர் அதனை வாங்குவோர் மீது சுமத்துவர். சந்தையிலிருந்து சபை பெறும் அதிக வருமானத்தின் ஒரு பகுதி இவ்வாறு ஏழையின் கறிச்சட்டியிலிருந்தே வருகின்றது. எனவே குத்தகை கொடுக்கும்போது தொகையை மட்டும் நோக்காது, பின்வரும் நான்கு விடயங்களையும் நிபந்தனைகளாகச் சேர்த்தல் வேண்டும்.

(அ) நேர்மையான நிறுவை. வடபகுதிச் சந்தைகள் சிலவற்றில் 100 கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோவைக் "கழிவு" எனக் குறைத்து விலை கொடுக்கும் வழக்கத்தைப்பற்றிக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். கிலோ 200 ரூபா எனக் கொண்டால், 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தவர் 20,000 ரூபாவிற்குப் பதிலாக 18,000 ரூபாவே பெறுவார். இக்கழிவினால் நகரத்தில் வாங்குபவர்க்கு விலை குறைகின்றதா எனின், இல்லை. பழுதான காயைக் கண்முன்னே தெரிந்து நீக்கிவிட்டு எஞ்சியதை முழுநிறைக்கு வாங்குவதே முறை. சந்தையின் நடுவே எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய, முத்திரையிடப்பட்ட தராசு ஒன்றைச் சபை வைத்தல் வேண்டும்.

(ஆ) சேதத்தைக் குறைத்தல். எமது நாட்டில் விளையும் மரக்கறிகளிலும் பழங்களிலும் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப்பின் பழுதாகின்றன என்று கணிக்கப்பட்டுள்ளது. இது விலையை எவ்வாறு ஏற்றுகின்றதென நோக்குக. 20,000 ரூபாவிற்கு வாங்கிய 100 கிலோவில் 30 கிலோ பழுதானால், மிகுதி 70 கிலோவையும் கிலோ ஏறக்குறைய 286 ரூபாவிற்கு விற்றாலே முதல் மீளும். வண்டிக்கூலியும் இலாபமும் வேறு. சேதம் பத்துக் கிலோவாகக் குறையின் 222 ரூபா போதும். கிலோவுக்கு 64 ரூபா எவர்க்கும் பயன்படாது அழுகிப் போகின்றது.

சாக்கில் இறுகக்கட்டி ஒன்றன்மேலொன்றாய் அடுக்குதலே சேதத்தின் பெருங்காரணம். மரக்கறியைப் பிளாஸ்ரிக் கூடைகளில் ஏற்றல் வேண்டுமென 2011ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் விதித்தபோது எதிர்ப்பு எழுந்தது. கூடையின் விலையும், வெறுங்கூடையைத் திருப்பிக்கொண்டுசெல்லும் செலவும் சிறு கமக்காரர்க்குப் பாரமாயின. ஆகவே கட்டளையிடுவதிலும் வசதி செய்துகொடுத்தல் சிறந்தது. சபை கூடைகளை வாங்கி, முற்பணம் பெற்று வழங்கி, கூடை திரும்பியதும் பணத்தை மீளக் கொடுக்கலாம். வண்டியிலிருந்து பொருளை இறக்கும் இடத்திற்குக் கூரையும், காய்களைக் கழுவத் தூய நீரும், கீரைக் கட்டுகளை வைக்க நிழலான ஈரத்திண்ணையும் அமைத்தல் வேண்டும். வெயிலிற் கிடக்கும் கீரை சில மணி நேரத்திலேயே வாடிவிடும்.

(இ) ஏற்ற நேரம். அதிகாலைச் சந்தை வியாபாரிகட்கு உகந்தது. கூலிவேலைக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர்க்கு மாலைச் சந்தையே உகந்தது. கிழமையில் இரண்டு நாட்களாவது, பிற்பகல் நான்கு மணிமுதல் இரவு ஏழு மணிவரை, மின்விளக்குடன் சந்தை திறந்திருத்தல் நன்று.

(ஈ) ஏற்ற இடம். பேருந்து நிலையம், மருத்துவமனை வாயில், தொடர்மாடி வீடுகள் ஆகியவற்றின் அருகே, தாமே விளைவித்ததைத் தாமே விற்கும் கமக்காரர்க்கெனச் சில இடங்களைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கல் வேண்டும். இடம் பெறுபவர் உண்மையிற் கமக்காரரே என்பதை அப்பகுதி விவசாயப் போதனாசிரியர் உறுதிசெய்யலாம்.

4. ஒரு நகரத்தின் அனுபவம்

இவை ஏட்டுச்சுரைக்காய் அல்ல. பிரேசில் நாட்டிலுள்ள பெலோ ஒரிசோந்தே என்னும் நகரில் இருபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அந்நகராட்சி 1993ஆம் ஆண்டில் உணவுக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. நகரின் நல்ல இடங்களிற் கடை நடத்தச் சிலர்க்குச் சபைக்குரிய இடம் வழங்கப்பட்டது. அதற்கீடாக அவர்கள் குறிப்பிட்ட மரக்கறி, பழ வகைகளைச் சபை விதித்த குறைந்த விலையில் விற்கவும், வாரவிறுதியில் ஏழைகள் வாழும் புறநகர்களுக்குப் பொருளைக் கொண்டுசென்று விற்கவும் கடமைப்பட்டனர். ஏனைய பொருட்களின் விலையை அவர்களே தீர்மானித்தனர். கமக்காரர் நேரே விற்கும் இடங்களும், எவரும் சென்று குறைந்த விலையில் உண்ணக்கூடிய மக்கள் உணவகங்களும் அமைக்கப்பட்டன. இத்திட்டங்கள் அனைத்திற்கும் ஆன செலவு நகரின் வரவுசெலவுத் திட்டத்தில் 2 வீதத்திற்குக் குறைவே.

இதிலிருந்து எமது சபைகள் கற்கவேண்டியது யாதெனின், சபையின் பெருஞ்செல்வம் பணமன்று, நல்ல இடமே. அவ்விடத்தைக் கொடுக்கும்போது மக்களுக்கு வேண்டியதை நிபந்தனையாகக் கேட்டுப் பெறலாம்.

5. வெற்றுக்காணியும் வீட்டு முற்றமும்

சபைக்குரிய வெற்றுக்காணிகளைப் பட்டியலிட்டு, காணியற்ற குடும்பங்களுக்கு ஓராண்டு அல்லது ஈராண்டு அனுமதியிற் பயிர்செய்யக் கொடுக்கலாம். கையளிக்கும் வேளையில் நீர்க்குழாய் ஒன்றும் வேலியும் அவசியம். இவையின்றிக் கொடுக்கும் காணி மீண்டும் பற்றைக்காடாகும்.

ஒரு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் உள்ள பாத்தியில் முளைக்கீரை விதைத்தால் 25 முதல் 30 நாட்களிற் பறிக்கலாம். பாத்திகள் பலவற்றைக் கிழமைக்கொன்றாக விதைத்துவரின் கீரை இடையறாது கிடைக்கும். முற்றமில்லாதோர் பழைய சாக்குகளில் வல்லாரை, பொன்னாங்காணி, மிளகாய், கத்தரி ஆகியவற்றை வளர்க்கலாம். அரைநாள் வெயில் கிடைத்தாற் போதும்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. நகரத்து வடிகாலிலும், தொழிற்சாலைக் கழிவுநீர் சேரும் பள்ளத்திலும் வளரும் கங்குன் செழிப்பாகத் தோன்றும். அது நோய்க்கிருமிகளையும் ஈயம் போன்ற நச்சு உலோகங்களையும் கொண்டிருக்கக்கூடும். அத்தகைய இடங்களிற் பயிர்செய்யச் சபை இடமளித்தலாகாது. கிருமிநாசினி தெளிப்பின், போத்தலின் சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யவுங்கூடாது.

6. குப்பையிலிருந்து பசளை

சந்தையில் நாள்தோறும் எஞ்சும் இலையும் அழுகற்காயும் குப்பைமேட்டுக்குப் போகின்றன. 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பிலிசரு திட்டத்தின் கீழ்ப் பல சபைகள் கூட்டெரு நிலையங்களை நிறுவின. இவற்றின் வெற்றி, குப்பை சேரும் இடத்திலேயே அதனைப் பிரிப்பதில் தங்கியுள்ளது. கண்ணாடியும் பிளாஸ்ரிக்கும் மின்கலமும் கலந்த குப்பையிலிருந்து பெறும் எருவைக் கமக்காரர் வாங்கார். சந்தைக் குப்பையோ பெரும்பாலும் தூய இலைகுழையே. ஆதலின் அதிலிருந்தே தொடங்குதல் எளிது. காய்ந்த சருகையும் பச்சைக் கழிவையும் மாறிமாறி அடுக்கி, ஈரம் காத்து, காலத்துக்குக் காலம் புரட்டிவரின் இரண்டு மூன்று மாதங்களில் எரு ஆயத்தமாகும். பொருள் கொண்டுவந்த வண்டி வெறுமையாகத் திரும்பாது எருவுடன் திரும்பலாம்.

7. சமைத்த உணவு

நகரத்தவர் பலர் மதிய உணவைக் கடையிலேயே உண்கின்றனர். விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்கள் நடத்தும் "ஹெல போஜுன்" உணவகங்களும், வடக்கில் "அம்மாச்சி" என்னும் பெயரில் நடைபெறும் உணவகங்களும் உள்ளூர்த் தானியத்தாலும் இலைக்கறியாலும் ஆன உணவைக் கண்முன்னே சமைத்துக் குறைந்த விலையில் வழங்குகின்றன. அங்கே காணப்படும் கூட்டமே மக்கள் நல்லுணவை விரும்புகின்றனர் என்பதற்குச் சான்று. சபை தன் கட்டடமொன்றிற் சிறிய இடத்தை ஒதுக்கிக்கொடுப்பின், மகளிர் குழுவொன்று இத்தகைய உணவகத்தை நடத்தலாம். சபையின் முன்பள்ளிகளில் இலைக்கஞ்சியும் பழமும் வழங்குதலும் எளிதே.

8. முதலாண்டு வேலைத்திட்டம்

எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்குதல் வேண்டாம். கீழ்க்காணும் ஒழுங்கு பொருத்தமானது.

முதல் மூன்று மாதம்: சந்தைப் பொருட்களின் விலை, சேதம், நேரம் என்பவற்றைக் குறித்துக்கொள்க. வட்டாரந்தோறும் மரக்கறி வாங்கச் செல்லும் தூரத்தை அறிக. பொதுத் தராசு வைக்க.

அடுத்த மூன்று மாதம்: மாலைச் சந்தையைத் தொடங்குக. கமக்காரர்க்கு இடம் ஒதுக்குக. கூடைகளை முற்பண முறையில் வழங்குக.

மூன்றாம் காலாண்டு: சந்தைக் குப்பையைப் பிரித்து எருவாக்குக. ஒரு வெற்றுக்காணியையேனும் நீருடனும் வேலியுடனும் கையளிக்க.

இறுதிக் காலாண்டு: அடுத்த ஆண்டுக் குத்தகை நிபந்தனைகளைத் திருத்துக. முதலிற் குறித்த விலையையும் சேதத்தையும் மீண்டும் அளந்து, பெறுபேற்றைச் சந்தை வாயிலில் எழுதிவைக்க.

இவ்விறுதிக் கருமம் மிக முக்கியமானது. தங்கள் சபை செய்தது யாது, செய்யாதது யாது என்பதை மக்கள் தாமே கண்டறிய இடமிருத்தல் வேண்டும். நகரத்தின் மிக ஏழ்மையான வட்டாரத்தில் வாழும் தாய், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், வாடாத கீரைக்கட்டு ஒன்றைத் தயங்காது வாங்கக்கூடியதாயின் சபை தன் கடமையைச் செய்ததெனக் கொள்ளலாம்.

விதை, நடுபொருள், கூட்டெரு முறை, அறுவடைக்குப்பின் பேணல் என்பவைபற்றி வேண்டிய ஆலோசனைகளை அவ்வப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்க.