முதியோரைத் தூக்குவோர் முதுகைக் காப்போம்

தோட்டத் தொழிலாளர்க்குச் சுமை புதியதன்று. விடியற்காலையில் வெட்டுக்குச் சென்று, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளிகளைத் தோளில் சுமந்து நடந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுள் சிலர் இன்று வேறொரு சுமையைத் தாங்குகின்றனர். பராமரிப்பு இல்லங்களில் எழுந்து நடமாட இயலாத முதியோரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, சக்கர நாற்காலியில் அமர்த்தி, குளிப்பாட்டி, மீண்டும் படுக்க வைக்கும் பணி அது.

நம் நாட்டில் முதியோர் மிகுந்த மாநிலங்களுள் பினாங்கும் ஒன்று. சுங்கை டுவாவிலுள்ள வெள்ளிவிழா முதியோர் இல்லம் 1935ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று ஜார்ஜ்டவுனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தனியார் பராமரிப்பு இல்லங்கள் பல இயங்குகின்றன. அங்குப் பணிபுரிவோரைப் பெரிதும் வாட்டுவது முதுகுவலியும் தோள்வலியுமாகும். வீட்டில் நோயுற்ற தாய் தந்தையரைப் பேணுவோர்க்கும் இத்துன்பம் உண்டு. ஆதலின் இப்பாடம் இரு சாரார்க்கும் உரியது.

முதுகு ஏன் நோகிறது?

நமது முதுகெலும்பு அடுக்கி வைத்த எலும்புத் துண்டுகளால் ஆனது. அவற்றிற்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பின்னர்க் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வாளி ஒன்றே, எனினும் இரண்டாம் முறை பாரம் பன்மடங்காகத் தோன்றும். சுமை உடலைவிட்டு விலகும் அளவிற்கு இடுப்பருகே உள்ள வட்டுகள் நசுங்குகின்றன. அந்நிலையில் இடுப்பைத் திருகினால் தீங்கு மேலும் பெருகும்.

காண்டா வாளிக்குப் பிடி உண்டு; இரு பக்கமும் பாரம் சமமாக இருக்கும். மனித உடலுக்குப் பிடி இல்லை. கட்டிலின் நடுவே படுத்திருப்பவரைக் குனிந்து, கை நீட்டித்தான் தொட வேண்டும். அச்சத்தால் அவர் திடீரெனத் துள்ளலாம். நம் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

நம் நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டி, உடலுக்கு அருகே, இடுப்பு உயரத்தில் தூக்கும் பொருளுக்கு ஆடவர்க்கு 25 கிலோவும் பெண்டிர்க்கு 16 கிலோவும் அளவாகக் கூறுகிறது. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், நோயாளரைக் கையால் தூக்குவதற்கு ஏறத்தாழ 16 கிலோவே எல்லை என 2007இல் எடுத்துரைத்தார். மெலிந்த மூதாட்டியின் எடைகூட இதனினும் மிகுதியன்றோ? இருவர் சேர்ந்து தூக்கினாலும் முதுகெலும்பு தாங்கும் அளவு மீறப்படுவதை 1999இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று.

இதனால் நாம் அறிவது யாது? தூக்கும் முறையைக் கற்பது மட்டும் போதாது; தூக்குவதையே குறைக்க வேண்டும். வலிமை மிக்க இளைஞர்க்கும் இவ்விதி பொருந்தும்.

செய்ய வேண்டியவை

முதலில், முதியவர் தாமாக எவ்வளவு செய்ய இயலும் என்று கேட்டறிதல் வேண்டும். கட்டில் ஓரத்தில் அமர்ந்து, கால்களை ஊன்றி எழக்கூடியவரைத் தூக்குவது அவருடைய வலிமையையும் குறைத்துவிடும்.

அடுத்து, இடத்தைச் சீர்செய்க. ஈரத்தைத் துடைத்துவிடுக. கட்டிலை உயர்த்தித் தாழ்த்த இயலுமாயின், படுத்திருப்பவரைப் புரட்டும்போதும் துடைக்கும்போதும் அதனை நம் இடுப்பளவிற்கு உயர்த்துக. அவர் எழும்போது அவர் பாதம் தரையில் படியுமாறு தாழ்த்துக.

சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, அதனை அவருடைய வலிமையான பக்கத்தில் சற்றுச் சாய்வாக வைத்து, தடையைப் பூட்டி, கால்தாங்கிகளை விலக்குக. செய்யப்போவதை முன்னரே சொல்லுக. அவர் முன்னோக்கிச் சாய்ந்து எழட்டும். நாம் துணை நிற்போம். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் சிறு சிறு அடியாக வைத்துத் திரும்புக. நாற்காலி தம் கால்களில் படுவதை உணர்ந்தபின் அவர் அமரட்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குதல் அவருடைய தோளுக்கும் நம் முதுகுக்கும் கேடு. நம் கழுத்தைப் பற்றவும் விடலாகாது.

படுக்கையில் கீழே சரிந்தவரை இழுக்காதீர். வழுக்கும் துணியை அவருக்கு அடியில் விரித்து, இருபுறமும் இருவர் நின்று நகர்த்துக. காலூன்றவே இயலாதவருக்குத் தூக்கும் இயந்திரமே ஏற்றது. அதனையும் பயிற்சி பெற்றோரே இயக்க வேண்டும். இத்தகைய கருவிகளையும் பயிற்சியையும் அமெரிக்காவில் ஆறு பராமரிப்பு இல்லங்களில் புகுத்தியபோது, முதியோரைக் கையாள்வதால் நேர்ந்த, இழப்பீடு கோரப்பட்ட காயங்களின் விகிதம் 61 விழுக்காடு குறைந்ததாக 2004இல் வெளிவந்த ஆய்வு தெரிவிக்கிறது.

விழுகின்றவரைத் தாங்கிப் பிடிக்க முயல்வதே பலருடைய முதுகை முறிக்கிறது. அவரை நம் உடலோடு சாய்த்து, மெல்லத் தரையில் இறங்க விடுக. விழுந்தவரை உடனே தூக்கலாகாது. தலையில் அடிபட்டிருந்தாலும், இடுப்பு வலித்தாலும், கால் கோணியிருந்தாலும் அசைக்காமல் 999ஐ அழைக்க வேண்டும்.

சட்டம் தரும் காப்பு

தொழிலாளரின் பாதுகாப்பையும் பயிற்சியையும் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விதிக்கிறது. சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தம், உடனடி ஆபத்து நேரும் நிலையில் பணியிடத்தைவிட்டு விலகும் உரிமையையும் அளிக்கிறது.

பணியில் முதுகு பிசகினால் மறைக்க வேண்டா. “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குச் செல்வோர் வலியை வளர்க்கின்றனர், சான்றையும் இழக்கின்றனர். உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, மருத்துவரைக் கண்டு, காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பதிவு செய்க. தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்த நாள் உட்பட நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்புப் பெற்ற சந்தாதாரர்க்கு, கணக்கிடப்படும் நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத் தொகையாக வழங்கப்படும். அந்நிய நாட்டுத் தொழிலாளரும் 2019 முதல் சொக்சோவின் தொழில் விபத்துக் காப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் முன்னோர். நகரில் இப்பணி செய்யும் மகளோ மகனோ விடுமுறையில் வீடு திரும்பும்போது, “உன் முதுகு எப்படி இருக்கிறது? அங்கே தூக்கும் இயந்திரம் உண்டா? அதைப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தார்களா?” என்று பெற்றோர் கேட்பாராக. முதியோரைப் பேணும் கைகள் நெடுங்காலம் வலிமையுடன் இருத்தல் வேண்டும். அதற்குரிய முயற்சியை இன்றே தொடங்குவோம்.