லெஸ்டர் சிட்டி: பொய்த்த கணிப்புகளும் பொய்யான காரணங்களும்

2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கியபோது லெஸ்டர் சிட்டி பற்றிய கணிப்புகள் பெரும்பாலும் ஒரே ராகம்தான்: தரமிறங்கிப் போகும், இல்லையென்றால் தட்டுத்தடுமாறித் தப்பிக்கும். 20 அணிகளில் கடைசி மூன்று வெளியேற வேண்டும் என்பதால், 17ஆம் இடம் வந்தாலே போதும் என்று கும்பிட்ட ரசிகர்களும் உண்டு. 2016 மே 2 அன்று செல்சி–டாட்டன்ஹாம் ஆட்டம் 2–2 என முடிந்தது. அந்த முடிவோடு லெஸ்டர் சாம்பியன் ஆனது. அதற்குமுன் அந்த கிளப் எட்டிய உச்சம் 1928–29இல் கிடைத்த இரண்டாம் இடம்.

கணிப்புகள் பொய்த்தது எல்லோருக்கும் தெரியும். ஏன் பொய்த்தன என்று இன்றுவரை சொல்லப்படும் காரணங்களிலும் பாதிக்குமேல் பொய் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

நம்பிக்கை: "5000க்கு 1" என்பது துல்லியமான கணக்கு.

உண்மை: அது பந்தய நிறுவனங்கள் வைத்த விலை. லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுண்டு கட்டினால் 5000 பவுண்டு கிடைக்கும் என்றார்கள். அதை நிகழ்தகவாக எடுத்துக்கொண்டால், 5000 சீசனில் ஒருமுறைதான் இது நடக்கும் என்றாகிறது. 1888இல் தொடங்கிய இங்கிலாந்து லீக்கில் அதுவரை 120 சீசன்கூட நடந்திருக்கவில்லை. அதற்குள்ளேயே 1961–62இல் இப்ஸ்விச், 1977–78இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போன்ற அணிகள், இரண்டாம் பிரிவிலிருந்து ஏறிவந்த முதல் ஆண்டிலேயே பட்டம் வென்றிருந்தன. பணம் கட்ட ஆள் வராத அணிக்கு எவ்வளவு பெரிய எண்ணையும் போட்டு வைக்கலாம். லெஸ்டரின் வாய்ப்பு மிகக் குறைவு என்பது சரி. அந்த எண் அறிவியல் என்பது தவறு.

நம்பிக்கை: தரமிறங்கவேண்டிய அணி ஒரே கோடையில் மாறிப்போனது.

உண்மை: மாற்றம் முந்தைய சீசனிலேயே நடந்துவிட்டது. 2014–15இல் 29 ஆட்டம் முடிந்தபோது லெஸ்டர் 19 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது. மிச்சமிருந்த 9 ஆட்டங்களில் ஏழு வெற்றி, ஒரு டிரா. தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் அந்த ஆண்டு சாம்பியனான செல்சியிடம். அந்த ஒன்பதில் மட்டும் 22 புள்ளிகள்! 41 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் முடித்தார்கள். கணித்தவர்கள் அந்த 14ஐப் பார்த்தார்கள். அதற்குள் ஒளிந்திருந்த கடைசி ஒன்பது ஆட்டங்களைப் பார்க்கவில்லை.

நம்பிக்கை: மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் ஆசிதான் காரணம்.

உண்மை: கேட்கச் சுவையான கதை. 1485இல் போரில் இறந்த மன்னரின் எலும்புகள் 2012இல் லெஸ்டர் நகரின் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன. 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் ஹாமை 2–1 என வென்றதிலிருந்து அணிக்கு ஏறுமுகம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. அந்த நாட்களில் பயிற்சியாளர் நைஜல் பியர்சன் பின்களத்தில் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தும் முறைக்கு மாறியிருந்தார். உயரமும் அனுபவமும் உள்ள ராபர்ட் ஹூத், சில வாரங்களுக்கு முன்புதான் கடனாக வந்து சேர்ந்திருந்தார். மன்னரைவிட இவர்களுக்கே நன்றி சொல்லவேண்டும்.

நம்பிக்கை: பியர்சனுக்குப் பின் லெஸ்டருக்கு வந்த கிளாடியோ ரனியேரி தோற்றுப்போன பயிற்சியாளர்.

உண்மை: இந்தக் கணிப்புக்கு ஒரு அடிப்படை இருந்தது. கிரீஸ் அணியின் பயிற்சியாளராக, சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்று 2014 நவம்பரில் வேலை இழந்தவர் அவர். ஆனால் 2003–04இல் செல்சியை, 2009–10இல் ரோமாவை, 2013–14இல் மொனாக்கோவை லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கடைசி வேலையை வைத்து முழு வாழ்க்கையையும் எடைபோட்டுவிட்டார்கள்.

பட்டம் கிடைத்தபின் அவரை மந்திரவாதி ஆக்கியது அடுத்த தவறு. அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பிரித்துப் போடாதது. பியர்சனின் உதவியாளர்கள் ஸ்டீவ் வால்ஷ், கிரெய்க் ஷேக்ஸ்பியர் இருவரையும் தொடர விட்டார். தடுப்பாட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். முதல் ஒன்பது ஆட்டங்களிலும் கோல் வாங்கிய அணி, பத்தாவது ஆட்டத்தில்தான் கோல் விடாமல் வென்றது. அதற்குப் பரிசாக வீரர்களுக்கு பீட்சா விருந்து. அதே அணி 2016 மார்ச், ஏப்ரலில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை 1–0 என வென்றது.

நம்பிக்கை: பந்து யார் காலில் அதிக நேரம் இருக்கிறதோ, அவர்களே வெல்வார்கள்.

உண்மை: பந்தைத் தன்வசம் வைத்திருந்த நேரத்தில் லெஸ்டர் அந்த லீக்கின் கடைசி வரிசை அணிகளில் ஒன்று, சராசரி 45 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பந்தைப் பிடுங்குவதற்கு என்கோலோ கான்டே, பிடுங்கிய பந்தை நீளமாக அனுப்ப டேனி டிரிங்க்வாட்டர், துரத்திப் போக ஜேமி வார்டி என்று வேலை பிரிந்திருந்தது. கான்டே அந்த சீசனில் 175 டாக்கிள்கள் செய்தார். லீக்கிலேயே அதுதான் அதிகம். வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டு, ரூட் வான் நிஸ்டல்ரூயின் சாதனையை முறியடித்தார்.

இவர்கள் குருட்டு அதிர்ஷ்டத்தில் கிடைத்தவர்களும் அல்ல. லீக்கின் நான்கு பிரிவுகளுக்கும் கீழே ஆடிய ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து 2012இல் 10 லட்சம் பவுண்டுக்கு வந்தவர் வார்டி. பிரான்ஸின் இரண்டாம் பிரிவிலிருந்து அதில் பாதிகூடத் தராமல் எடுக்கப்பட்டவர் ரியாத் மாரெஸ். பட்டம் வென்ற சீசனில் அவர் 17 கோல் போட்டார். நட்சத்திரப் பெயர்களைத் தேடியவர்களின் பட்டியலில் இவர்கள் இல்லை.

நம்பிக்கை: பெரிய அணிகள் சரிந்ததால்தான் லெஸ்டர் வென்றது.

உண்மை: பாதி சரி. நடப்புச் சாம்பியன் செல்சி 10ஆம் இடத்துக்கு விழுந்தது. இரண்டாம் இடம் பிடித்த ஆர்சனலுக்கு 71 புள்ளிகளே. ஆனால் லெஸ்டர் எடுத்தது 81. மான்செஸ்டர் யுனைடெட் 1998–99இல் 79, 2010–11இல் 80 எடுத்துப் பட்டம் வென்றபோது யாரும் அதை ஓசிப் பட்டம் என்று சொல்லவில்லை. லெஸ்டர் 38 ஆட்டங்களில் தோற்றது மூன்றில் மட்டும். மான்செஸ்டர் சிட்டியை அதன் மைதானத்திலேயே 3–1 என வென்றது. செல்சியை 2–1 என வென்ற மூன்றாம் நாள் அதன் பயிற்சியாளர் ஜோசே மொரீனியோ வேலை இழந்தார்.

அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்பதும் பொய். ஐரோப்பியப் போட்டிகள் இல்லை; உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரம் வெளியேறியதால் உடலுக்கு ஓய்வு கிடைத்தது. காயங்கள் குறைவு. கேப்டன் வெஸ் மோர்கனும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் 38 ஆட்டங்களிலும் ஆடினார்கள்.

நம்பிக்கை: இனி லெஸ்டரும் பெரிய அணிகளில் ஒன்று.

உண்மை: இது வெற்றிக்குப் பின் வந்த கணிப்பு, முந்தையதைப் போலவே அவசரமானது. கான்டே 2016 கோடையிலேயே செல்சிக்குப் போய், அடுத்த ஆண்டும் பட்டம் வென்றார். 2017 பிப்ரவரியில் ரனியேரி நீக்கப்பட்டார். அணி 12ஆம் இடத்தில் முடித்தது. 2021இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற லெஸ்டர், 2023இல் தரமிறங்கி, 2024இல் ஏறிவந்து, 2025இல் மீண்டும் தரமிறங்கியது.

அடுத்த சீசன் தொடங்கும்போது உங்கள் அணியைப் பற்றியும் இப்படிப் பட்டியல்கள் வரும். எத்தனையாவது இடம் என்பதை மட்டும் பார்த்துக் கொதிக்கவோ குதிக்கவோ வேண்டாம். போன சீசனின் கடைசி பத்து ஆட்டங்களைப் பார்த்தார்களா, யார் போனார்கள், யார் வந்தார்கள், எத்தனை போட்டிகளில் ஆடவேண்டியிருக்கும் என்று எண்ணினார்களா எனக் கேளுங்கள். காரணம் சொல்லாத கணிப்பு பலித்தாலும் அது வெறும் ஆருடம்தான்.